ஏற்காடு ரோட்டுக்கு லாப நஷ்டக் கணக்கு உண்டா?

ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை சேர்வராயன் மலை மேல் கொட்டித் தீர்த்தபோது, இந்தப் பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து நின்றுபோனது. வண்டிகளைக் குப்பனூர் வழியாகச் சுற்றிவிட்டார்கள். பாதை திறந்த பிறகு ஒருநாள் பஸ்ஸில் மேலே போனேன். ஒரு வளைவுக்குச் சற்று மேலே ரோட்டின் ஓரம் அப்படியே கீழே போயிருந்தது. அந்த இடத்தில் மணல் மூட்டைகளை அடுக்கி, மிச்சமிருந்த ஒரு வண்டி அகலத்தில் மேலே வருகிறவர்களையும் கீழே போகிறவர்களையும் மாற்றி மாற்றி விட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் பஸ் கால் மணி நேரம் நின்றது. பக்கத்து சீட்டில் காய்கறிப் பையை மடியில் வைத்திருந்த அம்மா, "எப்படியோ ரோட்ட சீக்கிரம் போட்டுட்டாங்க, அதுவே பெரிசு" என்றார். நியாயமான பேச்சு. ரோடு இல்லாவிட்டால் மலைக்குக் காய்கறி ஏது, காப்பிக்கொட்டையும் மிளகும் கீழே இறங்குவது எப்படி?

அதே மாதிரி மழையில் மேட்டுப்பாளையம்–ஊட்டி மலை ரயில் பாதையிலும் மண் சரியும். அதையும் அள்ளிக் கொட்டிச் சரிசெய்வார்கள். ஆனால் அந்தச் செலவைப் பற்றிப் பேச்சு வந்தால் கூடவே ஒரு வாக்கியம் வந்துவிடும்: "மலை ரயிலால் ரயில்வேக்கு நஷ்டம்." ஊட்டி ரயில் நம்முடைய சேலம் கோட்டத்தின் கீழ் ஓடுகிறது. 1908இல் ஊட்டியை எட்டி, 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்த அந்தப் பாதையின் வரவும் செலவும் ஒவ்வோர் ஆண்டும் கணக்கில் ஏறுகின்றன. ஏற்காடு ரோடு போன வருடம் எவ்வளவு சம்பாதித்தது, எவ்வளவு தின்றது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்ல ஒரே கணக்குப் புத்தகம் கிடையாது.

ரயிலுக்கும் ரோட்டுக்கும் அரசு எவ்வளவு கொடுக்கிறது என்ற விவாதம் வரும்போதெல்லாம் இந்த ஒரு விஷயம் நழுவிப்போகிறது. ரயிலின் செலவெல்லாம் ஒரே பேரேட்டில் இருக்கிறது. ரோட்டின் செலவு பத்து அலுவலகங்களில் சிதறிக் கிடக்கிறது. ஒரே இடத்தில் தெரிவதற்கு நஷ்டம் என்று பெயர் வைக்கிறோம். சிதறிக் கிடப்பதை வளர்ச்சிப் பணி என்கிறோம்.

ரயில்வே பேரேட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஐ.ஆர்.சி.டி.சி.யில் எடுத்த டிக்கெட் ஏதாவது கையில் இருந்தால் பாருங்கள். பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதத்தைத்தான் ரயில்வே வசூலிக்கிறது என்று அதிலேயே அச்சடித்திருப்பார்கள். சில ஆண்டுகளாக இந்த வாசகம் வந்துகொண்டிருக்கிறது. சேலத்திலிருந்து சென்னைக்குப் போகிற ஆள், தான் அரசுக்குப் பாரமாகப் போவதாக ஒவ்வொரு டிக்கெட்டிலும் படித்துக்கொண்டே போகிறார். பஸ் டிக்கெட்டில் இப்படி ஒன்று கிடையாது. ஓமலூர் டோலிலோ மேட்டுப்பட்டி டோலிலோ கொடுக்கும் ரசீதிலும், இந்தச் சாலைக்கு ஆன செலவில் உங்கள் பங்கு இவ்வளவு என்று ஒரு வரி இருக்காது.

ரயில்வேக்குத் தனிக் கணக்கு வைக்கும் பழக்கம் பழையது. பிரிட்டிஷ் காலத்தில் ரயில்வே நிர்வாகத்தை ஆராய்ந்த ஆக்வொர்த் குழுவின் பரிந்துரைப்படி 1924இல் ரயில்வே பட்ஜெட் பொது பட்ஜெட்டிலிருந்து பிரிந்தது. அரசு போட்ட மூலதனத்துக்கு ரயில்வே ஆண்டுதோறும் ஈவுத்தொகை கட்ட வேண்டும் என்ற ஏற்பாடு பல பத்தாண்டுகள் நடந்தது. 2017-18இல் இரண்டு பட்ஜெட்டும் மறுபடி ஒன்றானபோதுதான் அது நின்றது. எந்த நெடுஞ்சாலைத் துறையிடமும் எந்த அரசும் ஈவுத்தொகை கேட்டதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களின் ஓய்வூதியத்தை ரயில்வே தன் வருமானத்திலிருந்தே கொடுக்கிறது. ஆண்டுக்கு 60,000 கோடி ரூபாயைத் தாண்டும் தொகை அது. ரயில்வே பாதுகாப்புப் படை, ரயில்வே ஆஸ்பத்திரி, தண்டவாளப் பராமரிப்பு, சிக்னல், ஸ்டேஷன் துப்புரவு எல்லாமே அதே பேரேட்டில்தான். 100 ரூபாய் சம்பாதிக்க ஏறக்குறைய 98 ரூபாய் செலவாகிறது என்று ஆண்டுதோறும் செய்தி வருகிறதே, அந்த 98க்குள் இவ்வளவும் அடக்கம்.

சரி, இப்போது ரோட்டுக்கு வருவோம். சூரமங்கலத்தில் சேலம் ஜங்ஷனை விட்டு வெளியே வந்து ஐந்து ரோடு, அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக ஏற்காடு அடிவாரம் போகிறோம் என்று வையுங்கள். இந்தக் கொஞ்ச தூரத்துக்குள்ளேயே மாநகராட்சி ரோடும் வருகிறது, மாநில நெடுஞ்சாலைத் துறையின் ரோடும் வருகிறது. ஐந்து ரோட்டில் 2020இல் திறந்த ஈரடுக்கு மேம்பாலத்துக்கு மட்டும் 441 கோடி ரூபாய். தெருவிளக்கு மாநகராட்சிக் கணக்கு, சிக்னலில் நிற்கும் போலீஸ்காரர் சம்பளம் காவல் துறைக் கணக்கு. ரோடு போட்ட இன்ஜினியரின் ஓய்வூதியம் மாநில அரசின் பொது ஓய்வூதியத் தலைப்பில் போய்விடும், அதை ரோட்டின் செலவாக யாரும் எண்ணுவதில்லை.

விபத்துச் செலவும் இப்படித்தான். 2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், நாட்டிலேயே அதிகம். 17,884 பேர் இறந்தார்கள். அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய நல்ல திட்டம், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் அந்தப் பணம் சுகாதாரத் துறைக் கணக்கில் எழுதப்படுகிறது. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி முன்னால் போகிற நாலு வண்டி மேல் ஏறினால், அந்தச் செலவு தர்மபுரி ஆஸ்பத்திரியிலும் சேலம் மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரியிலும்தான் தெரியும். தேசிய நெடுஞ்சாலையின் கணக்கில் தெரியாது.

இதற்கு ஒரு பதில் உண்டு, அது வலுவான பதில். "ரோட்டில் போகிறவன் சும்மாவா போகிறான்? பெட்ரோல் வரி, டீசல் வரி, சாலை வரி, டோல் என்று அவன்தானே கட்டுகிறான்?" உண்மைதான். 1998இல் பெட்ரோலுக்கும் அடுத்த ஆண்டு டீசலுக்கும் லிட்டருக்கு ஒரு ரூபாய் செஸ், அதாவது குறிப்பிட்ட வேலைக்கென்றே வசூலிக்கும் தனி வரி, போட்டார்கள். 2000இல் மத்திய சாலை நிதிச் சட்டம் வந்தது. டீசல் செஸ்ஸில் பாதி கிராமச் சாலைக்கு. மீதித் தொகையில் 57.5 சதவீதம் தேசிய நெடுஞ்சாலைக்கு, 30 சதவீதம் மாநிலச் சாலைக்கு, 12.5 சதவீதம் ரயில்வே கேட்டுகளில் மேம்பாலமும் கீழ்ப்பாலமும் கட்டுவதற்கு. முள்ளுவாடி கேட்டிலும் அணைமேடு கேட்டிலும் விருத்தாசலம் ரயிலுக்காகக் காத்து நின்றவர்களுக்கு அந்தக் கடைசி எண்ணின் அருமை தெரியும். 2018இல் இந்த நிதியின் பெயரோடு உள்கட்டமைப்பு என்ற சொல்லையும் சேர்த்து, ரயில்வே உள்பட வேறு பணிகளுக்கும் திறந்துவிட்டார்கள்.

கட்டுகிறார்கள் என்பது சரி. யார் எவ்வளவு கட்டுகிறார்கள், யார் ரோட்டை எவ்வளவு தேய்க்கிறார்கள் என்பது வேறு கணக்கு. 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். விதவிதமான பாரம் ஏற்றிய லாரிகளைச் சோதனைக்கென்றே போட்ட ரோடுகளில் மாதக்கணக்கில் சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். ஒரு அச்சின் மேல் இறங்கும் எடை இரண்டு மடங்கானால் ரோட்டுக்கு வரும் சேதம் இரண்டு மடங்கோடு நிற்பதில்லை, ஏறக்குறைய பதினாறு மடங்காகிறது என்று அதில் தெரிந்தது. அதாவது எடையின் நான்காம் அடுக்கு. ஒரு சின்ன காரின் அச்சில் அரை டன், பாரம் ஏற்றிய லாரியின் அச்சில் பத்து டன் என்று வைத்தால், எடை இருபது மடங்கு, சேதமோ 1,60,000 மடங்கு. மொபெட்டில் கீரைக்கட்டு வைத்துக்கொண்டு உழவர் சந்தைக்குப் போகிறவர் ரோட்டைத் தேய்ப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர் போடும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் வரி உண்டு.

2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகளின் அனுமதி எடையை உயர்த்தியது. பின்னச்சு ஒன்றுக்கு 10.2 டன் இருந்தது 11.5 டன் ஆனது. கேட்பதற்குச் சின்ன மாற்றம், பதின்மூன்று சதவீதம்தான் கூடுதல். நான்காம் அடுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்த அச்சு ரோட்டுக்குச் செய்யும் சேதம் சுமார் 60 சதவீதம் கூடுகிறது. அந்தக் கூடுதல் தேய்மானத்துக்கான பணம் தனியாக எங்கிருந்தும் வரவில்லை. இதை எழுதும்போது சங்ககிரி, நாமக்கல் லாரிக்காரர்கள் மேல் பழி போடுவதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டீசல், டயர், இன்சூரன்ஸ், டோல், வட்டி எல்லாம் போக ஒரு நடைக்கு மிஞ்சுவது சொற்பம் என்று அவர்கள் சொல்வதைப் பல முறை கேட்டிருக்கிறேன். லாரியும் நொடிக்கிறது, ரோடும் தேய்கிறது. சரக்கு மலிவாகப் போய்ச் சேருவதன் லாபம் மட்டும் வேறெங்கோ போய்விடுகிறது.

நாடு முழுவதும் பார்த்தால், 2023-24இல் தேசிய நெடுஞ்சாலைகளில் வசூலான டோல் சுமார் 55,000 கோடி ரூபாய். அதே ஆண்டு சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு பட்ஜெட்டில் ஒதுக்கியது சுமார் 2.7 லட்சம் கோடி. புதிதாகக் கட்டுவதற்கான முதலீடும் அதில் சேர்ந்திருப்பதால் இரண்டையும் நேருக்கு நேர் வைத்து நஷ்டம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ரயில்வேயிடம் மட்டும் அப்படித்தான் பேசுகிறோம். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் கடன் 3 லட்சம் கோடியைத் தாண்டியபோது, புதுக் கடன் வாங்குவதை நிறுத்திவிட்டு மத்திய பட்ஜெட்டே நேரடியாகப் பணம் தர ஆரம்பித்தது. செய்தித்தாளில் அது "நெடுஞ்சாலை நஷ்டம்" என்ற தலைப்பில் வந்து நான் பார்த்ததில்லை.

மேட்டூர் அனல் மின் நிலையத்துக்கு வரும் நிலக்கரி ரயிலை ஓமலூர் பக்கம் ஒருமுறையாவது நின்று பாருங்கள். 58, 59 வேகன்கள். கடைசி வேகன் கடக்கும்வரை எண்ணிக்கொண்டே நின்றால் தலை சுற்றும். ஒரு ரேக்கில், அதாவது ஒரு முழுச் சரக்கு ரயிலில், ஏறக்குறைய 4,000 டன். ஒரு லாரியில் இருபது டன் என்று பார்த்தால் இருநூறு லாரி. மொத்தம் 1,440 மெகாவாட் நிறுவுதிறன் உள்ள மின் நிலையத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு ரேக் போதாது. அந்த நிலக்கரி முழுவதும் ரோட்டில் வந்தால் தொப்பூர் கணவாயின் கதி என்ன ஆகும் என்று யோசித்தால் போதும். பொட்டனேரி உருக்காலைக்கு வரும் இரும்புத் தாதுவும் ரயிலில்தான் வருகிறது. இந்தச் சரக்குகளில் கிடைக்கும் லாபத்தை வைத்துத்தான் ரயில்வே பயணிகள் கட்டணத்தைக் குறைவாக வைத்திருக்கிறது. டிக்கெட்டில் அச்சடித்த அந்த 57க்கு மேல் மீதியை அதிகமும் சுமப்பது நிலக்கரி. சுற்றி வளைத்துப் பார்த்தால், நம் கரண்ட் பில் வழியாக நாமே கட்டுகிறோம்.

அப்படியானால் சேலத்து ஜவ்வரிசி ஏன் ரயிலில் போகவில்லை? விரத காலத்தில் மகாராஷ்டிரத்தில் தின்னும் சாபுதானா பெரும்பாலும் நம் ஊர்ப் பக்கத்து ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஆனது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போகும் சரக்கு, கெட்டுப்போகாது, அவசரமும் இல்லை. ரயிலுக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. ஆனால் ஒரு வியாபாரி அனுப்புவது ஒரு லாரி, மிஞ்சினால் இரண்டு லாரி. ரயில்வே விற்பது ரேக் கணக்கில். ஆலை வாசலில் ஏற்றிய 90 கிலோ மூட்டை, போய்ச் சேரும் மண்டி வாசலில் இறங்கினால் கூலி இரண்டு தடவையோடு முடிந்தது. ரயிலில் என்றால் ஆலையில் ஏற்றி, செவ்வாய்ப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் இறக்கி, வேகனில் ஏற்றி, அங்கே போய் மறுபடி இறக்கி, மறுபடி லாரியில் ஏற்றி இறக்க வேண்டும். ஆறு கை மாறும். ஒவ்வொரு கைக்கும் கூலி, ஒவ்வொரு கொக்கிக் குத்துக்கும் கொஞ்சம் சிந்தும். வியாபாரி லாரியைத் தேடுவதில் தப்பே இல்லை. ஆனால் இதையும் இயற்கை விதி என்று நினைக்க வேண்டாம். சின்னச் சரக்கைச் சேர்த்து கன்டெய்னரில் ஏற்றும் இடத்தில் பணம் போட்டால் நிலைமை மாறும். அந்த இடங்களில் போட்ட பணம் குறைவு. 1950-51இல் நாட்டின் சரக்கில் சுமார் 89 சதவீதத்தை ரயில் சுமந்தது, இப்போது அது 30 சதவீதத்துக்கும் கீழே. 2030க்குள் 45 சதவீதமாக்குவோம் என்று தேசிய ரயில் திட்டம் சொல்கிறது.

பணம் எவ்வளவு என்பதைவிட அது எப்படி வருகிறது என்பது முக்கியம். அதற்குச் சேலம்–நாமக்கல்–கரூரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அந்த ரயில் பாதைக்கு 1990-களின் நடுவிலேயே ஒப்புதல் கிடைத்துவிட்டது. மொத்தம் சுமார் 85 கிலோமீட்டர். ராசிபுரம், நாமக்கல், மோகனூர் தாண்டி காவிரி மேல் ஒரு பாலம். பயணிகள் ரயில் ஓட 2013 ஆனது. அதே தடத்தில் ரோடும் நாலு வழியானது. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலைத் திட்டத்தில் அது சேர்ந்ததே ரயில் பாதைக்கு ஒப்புதல் வந்து சில ஆண்டுகள் கழித்துத்தான். ஆனாலும் ரோடு முந்திக்கொண்டது. நாமக்கல்லில் ரயில் ஏறும் நாளுக்கு முன்பே சேலத்தார் நாலு வழிச் சாலையில் கரூர் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

இத்தனைக்கும் இரண்டுமே பெரும்பாலும் சமவெளியில் போகிற பாதைகள், அதே காவிரியைத்தான் இரண்டும் தாண்ட வேண்டும். ரோட்டுக்கு செஸ் பணம் தனி நிதியாக ஆண்டு தவறாமல் வந்தது. அதை நம்பி ஆணையம் கடன் வாங்க முடிந்தது. பிறகு வசூலிக்கலாம் என்று டோல் உரிமையைக் கொடுத்துத் தனியார் பணத்தையும் இறக்க முடிந்தது. ரயில் பாதைக்கு ஆண்டுக்கு ஆண்டு பட்ஜெட்டில் கிடைத்தது மட்டும்தான், அதையும் நாடு முழுவதும் உள்ள நூற்றுக்கணக்கான திட்டங்களோடு பங்கு போட வேண்டும். எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெளித்தால் எதுவும் முளைக்காது. ஒரு பாலத்துக்குத் தூண் கட்டி அடுத்த ஆண்டு பணத்துக்காகக் காத்திருக்கும்போது சிமெண்ட் விலையும் நிலத்தின் விலையும் காத்திருப்பதில்லை.

ரயில்வேயின் திட்டவாரி ஒதுக்கீட்டுப் புத்தகத்தைப் பிங்க் புக் என்பார்கள். திண்டிவனம்–திருவண்ணாமலை, ஈரோடு–பழனி போன்ற தமிழ்நாட்டுப் புதிய பாதைகளுக்கு நேரே வெறும் 1,000 ரூபாய் என்று எழுதியிருந்த ஆண்டுகள் உண்டு. திட்டத்தைக் கைவிடவில்லை என்று காட்டுவதற்கான அடையாளத் தொகை அது. ஆயிரம் ரூபாயில் ஒரு சர்வே கல்கூட நட முடியாது.

பக்கத்தில் மொரப்பூர்–தர்மபுரியின் கதை இன்னும் வலிக்கும். 1906இலேயே அங்கே குறுகிய பாதை ரயில் ஓடியது, பிறகு அது ஓசூர் வரை நீண்டது. 1941இல் அதை மூடிவிட்டார்கள். 36 கிலோமீட்டர் அகலப்பாதைக்கு 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். இங்கே தாமதத்துக்கு டெல்லியை மட்டும் சொல்லி மாநில அரசை விட்டுவிட முடியாது. நிலம் எடுத்துக் கொடுக்க வேண்டியது மாநிலத்தின் வேலை. பழைய பாதை போன இடத்தில் வீடுகள் வந்துவிட்டன.

நிலம் என்றதும் எட்டு வழிச் சாலையைச் சொல்லாமல் போக முடியாது. 2018இல் அறிவித்த சேலம்–சென்னை பசுமை வழிச் சாலை, 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய். குப்பனூர், ஆச்சாங்குட்டப்பட்டி, மஞ்சவாடிக் கணவாய் என்று நம் மலைகளின் அடிவாரத்து வயல்களில் அளவுக்கல் நட்டார்கள். கிணற்றுக்குப் பக்கத்தில், தென்னைக்கு நடுவில் என்று கல் நட்டதும் கல்லைக் கட்டிப்பிடித்து அழுதவர்களை ஊரே பார்த்தது. 2019 ஏப்ரல் 8இல் உயர் நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிக்கையை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8இல் உச்ச நீதிமன்றம், அறிவிக்கை செல்லும், ஆனால் வருவாய்ப் பதிவேட்டில் நிலத்தை அரசின் பெயருக்கு மாற்றியது செல்லாது என்றது. சென்னைக்குப் போக ஏற்கெனவே கிருஷ்ணகிரி வழி ஒன்று, உளுந்தூர்பேட்டை வழி ஒன்று என இரண்டு பெரிய சாலைகள் இருக்கின்றன. அந்த 10,000 கோடி எண்ணம் வந்த வேகத்தில் ஒரு சின்னப் பங்கு, ஒற்றைப் பாதையாகவே கிடக்கும் சேலம்–விருத்தாசலம் ரயில் பாதையின் பக்கம் திரும்பியிருந்தால் வாழப்பாடிக்கும் ஆத்தூருக்கும் சின்னசேலத்துக்கும் விடிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

கடந்த சில ஆண்டுகளில் நிலைமை மாறியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2025-26இல் ரயில்வேக்கு மத்திய பட்ஜெட் ஒதுக்கிய மூலதனம் 2.52 லட்சம் கோடி. சாலை அமைச்சகத்துக்கு 2.87 லட்சம் கோடி. மத்திய கணக்கில் மட்டும் பார்த்தால் இரண்டும் நெருங்கிவிட்டன. தமிழ்நாட்டு ரயில் திட்டங்களுக்கு அதே ஆண்டில் 6,626 கோடி. 2009 முதல் 2014 வரை சராசரி 879 கோடியாக இருந்ததோடு ஒப்பிட்டால் பெரிய ஏற்றம். ஆனால் தமிழ்நாடு அரசின் நெடுஞ்சாலைத் துறை ஒன்றுக்கே ஆண்டுக்குச் சுமார் 20,000 கோடி. மத்திய அரசு இங்கே செலவிடும் தேசிய நெடுஞ்சாலைப் பணமும், மாநகராட்சி, ஊராட்சி ஒன்றியங்கள் போடும் ரோடும் அதற்கு மேல். ரயிலுக்குக் கொடுப்பது ஒரே கை. ரோட்டுக்கு டெல்லி, சென்னை, மாநகராட்சி, ஒன்றியம் என்று நாலு கை. டெல்லிக் கணக்கை மட்டும் பார்த்து "ரெண்டும் சமம்தானே" என்று சொல்கிறவர்கள் மீதி மூன்று கையை மறந்துவிடுகிறார்கள்.

ஓமலூரிலிருந்து தர்மபுரி வழியாக ஓசூர் போகும் பாதைக்கு மின்கம்பிகள் வந்துவிட்டன. தண்டவாளம் மட்டும் இன்னும் ஒன்றுதான். பெங்களூரு போகும் வண்டி நடுவில் ஏதாவது ஒரு சின்ன ஸ்டேஷனில் ஓரமாக நின்றுவிடும், எதிரே வரும் வண்டி கடந்த பிறகுதான் கிளம்பும். போன முறை அப்படி நின்றபோது ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிளாட்பாரத்தை அடுத்துப் புளியமரங்கள், அதற்கப்பால் நாலு வழிச் சாலை. இருபது நிமிடத்தில் கன்டெய்னர் லாரிகளாக முப்பத்தேழு எண்ணினேன், ஓசூர் பக்கமாகப் போனவை மட்டும். அப்புறம் எதிர் வண்டி வந்தது, எங்கள் வண்டி நகர்ந்தது.